சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது

என் அம்மா விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அவர் சம்பளம் எங்கள் தெருவுக்கே தெரியும். மறைத்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அரசாணையில் அச்சாகி வந்துவிடும். அகவிலைப்படி உயர்ந்த மறுநாள் ஆசிரியர்கள் எல்லோரும் ஓய்வறையில் உட்கார்ந்து ஒன்றாகக் கணக்குப் போடுவார்கள். கணக்கு சாரும் அம்மாவும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஒரே சம்பளம். யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள் என்பது வேறு விவாதம். அது சம்பளத்தைத் தொடவில்லை.

2006இல் நான் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளமே அம்மாவின் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. அம்மாவுக்குப் பெருமை. அடுத்து அவர் கேட்ட கேள்வி: "உன்கூடச் சேர்ந்த பையனுக்கு எவ்வளவு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"ஏன் கேக்கக் கூடாது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பணி நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது, அவ்வளவுதான். சம்பள விவரத்தைச் சக ஊழியர்களுடன் பகிர்ந்துகொண்டால் நடவடிக்கை எடுக்கப்படும். நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் அப்ரைசல் கடிதம் மூடிய உறைக்குள் வரும். பெண்கள் அதைக் கழிவறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிரிப்போம். சிலர் அழுவார்கள். ஏன் அழுகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்குமே. அந்தக் கழிவறையைச் சுத்தம் செய்த அக்கா மட்டும் தன் சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்வார், ஒப்பந்தக்காரர் இந்த மாதம் எவ்வளவு பிடித்தார் என்பது உட்பட. மறைக்கச் சொல்லி அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

2010இல் எனக்குக் குழந்தை பிறந்தது. அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரங்கள்தான். திரும்பி வந்தபோது ரேட்டிங் ஒரு படி இறங்கியிருந்தது. ஆண்டு முழுக்க நான் வேலையில் இல்லையாம். ரேட்டிங் இறங்கினால் போனஸ் குறையும், சம்பள உயர்வின் சதவீதம் குறையும், அடுத்த ஆண்டு உயர்வு அந்தக் குறைந்த தொகையின் மீதுதான் கணக்கிடப்படும். அப்போது நான் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், வருமான வரிக்கான ஃபார்ம் 16ஐ எடுக்கப் பொதுப் பிரிண்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் அச்சிட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தார். என்னோடு ஒரே கல்லூரியிலிருந்து, ஒரே நாளில் சேர்ந்தவர். எனக்குப் பக்கத்து இருக்கை. நான் எழுதிய நிரல்களைத்தான் அவர் சோதித்துக்கொண்டிருந்தார். மொத்த ஊதியம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருக்கைக்கு வந்தேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வேலையை விட்டபோதும் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. 'தனிப்பட்ட காரணங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

பிறகு கணினித் துறையில் பெண்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். பெயர்களையும் சாதனைகளையும் தேடித்தான் போனேன். ஆனால் ஒவ்வொரு கதையிலும் என் கண் போய் நின்ற இடம் சம்பளப் பட்டியல்தான். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அது யாருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது? செய்தித்தாளில் வந்தது யார் முகம்? இந்தக் கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

1940களில் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர்' என்பது ஒரு வேலையின் பெயர். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கையால் கணக்குப் போடுபவர்களுக்கு அந்தப் பெயர். அவர்களில் பெரும்பாலோர் கணிதம் படித்த இளம்பெண்கள். கே மெக்நல்டி 1942இல் ஃபிலடெல்ஃபியாவில் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 1,620 டாலர். அன்றைக்கு அது நல்ல சம்பளம் என்றே அவர் நினைத்தார். வேலைக்கான தரவரிசையின் பெயர்தான் கவனிக்க வேண்டியது: 'துணைத் தொழில்நிலை'. பட்டம் பெற்ற ஆண்களுக்கு 'தொழில்நிலை'. வேலை தொடங்கும் முன்பே, எந்த ஏணியில் ஏற வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது.

அந்தப் பெண்களிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து எனியாக் என்ற மின்னணுக் கணினிக்கு நிரல் அமைக்கச் சொன்னார்கள். கையேடு கிடையாது. தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவே அனுமதி கிடையாது. மின்சுற்று வரைபடங்களை மேசையில் விரித்து வைத்து, அதிலிருந்தே இயந்திரத்தைப் புரிந்துகொண்டார்கள். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட பூதம் அது. 1946 பிப்ரவரியில் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்தச் செயல்விளக்கத்துக்கான நிரலைத் தயார் செய்தவர்கள் பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இருவர். குண்டு பறந்து போய் விழும் நேரத்துக்குள் இயந்திரம் அதன் பாதையைக் கணக்கிட்டு முடித்துவிட்டது. பத்திரிகைகள் வியந்து எழுதின. அன்று இரவு பல்கலைக்கழகத்தில் பெரிய விருந்து. பெண்கள் ஆறு பேருக்கும் அழைப்பு இல்லை.

ராணுவம் ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்கு எனியாக் படம் ஒன்றைப் பயன்படுத்தியது. அசல் படத்தில் பெண்களும் இருக்கிறார்கள். விளம்பரத்தில் அவர்கள் இருந்த பகுதியை வெட்டிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, கேத்தி கிளைமன் என்ற மாணவி அசல் படங்களைப் பார்த்துவிட்டு இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தார். அவருக்குக் கிடைத்த பதில்: குளிர்சாதனப் பெட்டி விளம்பரங்களில் பக்கத்தில் நிற்பார்களே, அதுபோல அழகுக்கு நிறுத்தப்பட்ட மாடல்கள். கிளைமன் நம்பவில்லை. அவர்களில் நான்கு பேரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் வாயாலேயே கதையைப் பதிவு செய்தார். அவர் விசாரிக்காமல் போயிருந்தால் நமக்கு இன்றும் அவர்கள் மாடல்களாகவே இருந்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சூட்சுமமானது. மார் ஹிக்ஸின் 'புரோகிராம்டு இன்ஈக்வாலிட்டி' நூலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். 1955இல் பிரிட்டிஷ் அரசு தன் ஊழியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்று ஒப்புக்கொண்டது. 1961க்குள் படிப்படியாக ஆண்களின் ஊதியத்துக்குப் பெண்களின் ஊதியமும் உயர்த்தப்படும். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் அரசு அலுவலகங்களில் கணக்கிடும் இயந்திரங்களை இயக்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். அந்தப் பிரிவில் ஒப்பிட ஆண் இல்லை. ஆண் இல்லாத இடத்தில் ஆண் ஊதியம் எது? ஆகவே அந்தப் பிரிவுகள் 'விலக்கப்பட்ட' பிரிவுகள் ஆயின. பெண்கள் அதுவரை வாங்கிய குறைந்த ஊதியமே அந்த வேலையின் ஊதியம் என்று நிலைபெற்றது. நாட்டின் கணினிமயத்தைச் சுமந்தவர்களுக்கு, சம ஊதியச் சட்டகத்துக்குள்ளேயே சம ஊதியம் கிடைக்கவில்லை.

அதே பத்தாண்டில் மான்செஸ்டரில், ஃபெராண்டி நிறுவனத்தின் நிரலாளர் மேரி லீ வுட்ஸ், ஆண் நிரலாளர்களுக்குத் தங்களைவிட அதிகம் கொடுக்கப்படுவதை அறிந்து, மற்றப் பெண்களோடு சேர்ந்து நிர்வாகத்திடம் போய்ச் சம ஊதியம் கேட்டு வாங்கினார். நாடு முழுமைக்குமான சம ஊதியச் சட்டம் வர இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. மேரி லீயைப் பிற்காலச் செய்திகள் எப்படி அறிமுகப்படுத்தின தெரியுமா? வைய விரிவு வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயின் தாய்.

பெண்களின் சம்பளம் பத்திரிகைத் தலைப்பாகவே வந்த காலமும் உண்டு. 1967 ஏப்ரலில் அமெரிக்காவின் 'காஸ்மோபாலிடன்' இதழ் கணினித் துறைப் பெண்களைப் பற்றிக் கட்டுரை போட்டது. மூத்த ஆய்வாளராக இருக்கும் பெண் 20,000 டாலரும் அதற்கு மேலும் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டியது. நிரல் எழுதுவது விருந்துக்குத் திட்டமிடுவது போல என்று கிரேஸ் ஹாப்பரே அதில் சொல்லியிருந்தார். விருந்து சமைப்பதைச் சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் சமைத்துப் பார்க்கட்டும், அது போகட்டும். வேலைக்கு மதிப்பும் பணமும் ஏற ஏற ஆண்கள் வந்தார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் 37 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் இறங்கி, 2010 வாக்கில் 18 சதவீதம்.

கிரேஸ் ஹாப்பர் பெயரில் ஆண்டுதோறும் பெண் கணினியாளர்கள் கூடும் பெரிய மாநாடு நடக்கிறது. 2014 அக்டோபரில் அது ஃபீனிக்ஸ் நகரில் நடந்தது. மைக்ரோசாஃப்டின் புதிய தலைவர் சத்ய நாதெல்லா மேடையில். சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று மரியா கிளாவே கேட்டார். கிளாவே கணினி அறிவியலாளர். மைக்ரோசாஃப்ட் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். கேட்பது முக்கியமல்ல, அமைப்பு சரியான உயர்வைத் தரும் என்று நம்ப வேண்டும், கேட்காமல் இருப்பது நல்ல கர்மா என்ற பொருளில் நாதெல்லா பதில் சொன்னார். கர்மா! அந்தச் சொல் பிறந்த ஊரில் அதை வைத்து யாரையெல்லாம் என்னவெல்லாம் கேட்காமல் இருக்கச் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும்.

கிளாவே அதே மேடையில் மறுத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தான் பதவி ஏற்றபோது பேரம் பேசாததால் கிட்டத்தட்ட 50,000 டாலர் குறைவாக வாங்கியிருப்பேன் என்று சொன்னார். எத்தனையோ தலைப்புச் செய்திகளுக்கு நடுவில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். கூட்டத்தின் முன்னால் ஒரு பெண் தன் எண்ணைச் சொன்னார். நாதெல்லா அன்றே மன்னிப்புக் கேட்டார், தன் பதில் முற்றிலும் தவறு என்று ஊழியர்களுக்கு எழுதினார். அதே மாதம் அவருடைய ஊதியத் தொகுப்பு வெளியானது: 84.3 மில்லியன் டாலர், பெரும்பகுதி பங்குகளாக. நிறுவனத் தலைவர்களின் ஊதியத்தை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஊழியர்களின் ஊதியத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அடுத்த ஆண்டு நடந்தது எரிகா பேக்கரின் கதை. என் பிரிண்டர் சம்பவத்துக்கு நான் ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்தேன் என்றால் அது இவரிடம்தான் கிடைத்தது.

எரிகா பேக்கர் கூகுளில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய கறுப்பினப் பொறியாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல், அவரும் சில சக ஊழியர்களும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து தங்கள் சம்பளத்தை அதில் போட்டார்கள். நிறுவனத்தின் உள்வலையில் அதைப் பகிர்ந்தார்கள். மற்றவர்களும் நிரப்பத் தொடங்கினார்கள். ஊழியர்களில் சுமார் 5 சதவீதம் பேர் தங்கள் எண்ணைச் சேர்த்ததாக அவர் பின்னர் சொன்னார். தாளைப் பார்த்துவிட்டுப் பலர் மேலாளரிடம் போய் நியாயமான ஊதியம் கேட்டு வாங்கினார்கள். எரிகாவை அவர் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்றார். சட்டப்படி இதில் தவறில்லையே என்றார் எரிகா. சரிதான்: ஊழியர்கள் தங்களுக்குள் ஊதியம் பற்றிப் பேசும் உரிமையை அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது.

போனஸ் கதைக்குள் வருவது இங்கேதான். கூகுளில் சக ஊழியர் போனஸ் என்று ஒரு ஏற்பாடு. உங்களுக்கு ஒருவர் பெரிய உதவி செய்தார் என்றால் அவருக்கு 150 டாலர் போனஸ் கொடுக்கும்படி நீங்கள் பரிந்துரைக்கலாம். அவருடைய மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். தாளைப் பார்த்துப் பயனடைந்தவர்கள் எரிகாவுக்கு வரிசையாகப் பரிந்துரைத்தார்கள். அவருடைய மேலாளர் ஒவ்வொன்றாக நிராகரித்தார். அதே தாளில் வேலை பார்த்த ஒரு வெள்ளையின ஆணுக்கும் பரிந்துரைகள் வந்தன. அவருக்குப் போனஸ் கிடைத்தது.

இதை எரிகா எப்போது வெளியே சொன்னார் என்பதும் கவனிக்கத்தக்கது. 2015 ஜூலை 16 அன்று கூகுள் தன் முகப்பில் ஐடா பி. வெல்ஸின் பிறந்தநாளுக்குச் சித்திரம் வெளியிட்டு மரியாதை செய்தது. எரிகா அதற்குள் அங்கிருந்து விலகி வேறு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். வெல்ஸ் இன்று உயிரோடிருந்து கூகுளில் வேலை பார்த்தால் அவரை என்ன பாடு படுத்துவார்கள் என்ற கேள்வியோடு தொடங்கி, ஸ்ப்ரெட்ஷீட் கதையை டிவிட்டரில் எழுதினார். பொருத்தமான ஆள்தான் வெல்ஸ். 1862இல் அடிமையாகப் பிறந்தவர். ஆசிரியையாக இருந்தபோது கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் மோசமாக இருப்பதைப் பத்திரிகையில் எழுதியதால் 1891இல் வேலையை இழந்தவர். கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்துக் கொன்றதை எண்ணிக்கைகளாகத் தொகுத்து 1895இல் நூலாக வெளியிட்டவர். எதிரிகள் மறுக்க முடியாதபடி வெள்ளையினப் பத்திரிகைகளிலிருந்தே அந்த எண்ணிக்கைகளை எடுத்தார். எண்களை ஓரிடத்தில் சேர்த்து எழுதுவது என்ன செய்யும் என்று வெல்ஸுக்குத் தெரிந்திருந்தது.

ஊடகங்கள் எரிகாவைத் தேடி வந்தன. கதை உலகம் முழுக்கப் போனது. போனஸ் போகவில்லை.

2017 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறையே கூகுளின் ஊதிய விவரங்களைக் கேட்டு வழக்குப் போட்டது. ஏப்ரலில் அத்துறையின் வட்டார அதிகாரி, ஏறக்குறைய எல்லாப் பணிகளிலும் பெண்களுக்கு எதிராக முறையான ஊதிய வேறுபாடு இருப்பதாகச் சாட்சியம் சொன்னார். கூகுள் மறுத்தது. விவரங்களைத் திரட்ட 500 மணி நேரமும் 100,000 டாலரும் ஆகும், அது பெரும் சுமை என்றது. உலகத்தின் தகவல்களை எல்லாம் ஒழுங்குபடுத்துவதைத் தன் குறிக்கோளாக அறிவித்த நிறுவனம் அது. சொந்தச் சம்பளப் பட்டியலைத் திரட்டுவது மட்டும் சுமை. வழக்கில் கூகுளுக்கே பெரும்பாலும் சாதகம். கேட்டதில் பெரும்பகுதியைத் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ஊழியர்கள் மறுபடி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டார்கள். 2017 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' அதை வெளியிட்டது. சுமார் 1,200 பேர் விவரம் தந்திருந்தார்கள். ஆறு பணிநிலைகளில் ஐந்தில் பெண்களுக்குக் குறைவு.

அதே மாதம் கெல்லி எல்லிஸும் வேறு சில முன்னாள் ஊழியர்களும் வழக்குத் தொடுத்தார்கள். எல்லிஸ் 2010இல் நான்கு ஆண்டு அனுபவத்துடன் சேர்ந்தார். அவரை 3ஆம் நிலையில் அமர்த்தினார்கள், புதிதாகப் படித்து முடித்து வருபவர்களுக்கான நிலை அது. சில வாரங்கள் கழித்து அதே அனுபவத்துடன் வந்த ஆணை 4ஆம் நிலையில். சம்பளம், போனஸ், பங்குகள் மூன்றையும் தீர்மானிப்பது அந்த நிலைதான். கே மெக்நல்டியின் 'துணைத் தொழில்நிலை'யை இங்கே மறுபடி பார்க்கிறேன்.

இதைப் புரிந்துகொண்டால்தான் 2019 மார்ச்சில் வந்த ஒரு வேடிக்கையான செய்தியும் புரியும். கூகுள் தானே ஊதிய ஆய்வு நடத்தி, 4ஆம் நிலைப் பொறியாளர்களில் ஆண்களுக்குத்தான் குறைவாகக் கொடுத்திருக்கிறோம் என்று அறிவித்தது. மொத்தம் 10,677 பேருக்கு 9.7 மில்லியன் டாலர் சரிசெய்யப்பட்டது. ஆண்களுக்குக் குறைவாம் என்று எங்கும் தலைப்பு. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்து சேர்ந்தது. எனக்கே இரண்டு பேர் அனுப்பினார்கள், சிரிக்கும் முகத்துடன். அந்த ஆய்வு ஒரே நிலையில் இருப்பவர்களைத்தான் ஒப்பிட்டது. 4ஆம் நிலையில் இருக்க வேண்டிய பெண் 3இல் உட்கார்ந்திருக்கிறாளா என்று அது பார்க்கவில்லை. கீழ்ப்படியில் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு, யாரைக் கீழ்ப்படியில் நிறுத்தினோம் என்பதைப் பேசாமல் இருந்துவிட முடிகிறது.

2018 அக்டோபர் 25 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இன்னொரு எண்ணை வெளியிட்டது: 90 மில்லியன் டாலர். ஆண்ட்ராய்டை உருவாக்கிய ஆண்டி ரூபின் 2014இல் விலகியபோது கொடுக்கப்பட்ட தொகை. அவர் மீது பெண் ஊழியர் ஒருவர் சொன்ன பாலியல் அத்துமீறல் புகார் நம்பத்தக்கது என்று நிறுவனம் முடிவு செய்திருந்த நிலையில் அது தரப்பட்டது என்றது செய்தி. ரூபின் குற்றச்சாட்டை மறுத்தார். ஒரு வாரத்தில், நவம்பர் 1 அன்று, 50 நகரங்களில் சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் வேலையிலிருந்து எழுந்து வெளியே வந்தார்கள். அவர்கள் கோரிக்கைகளில் ஊதிய ஏற்றத்தாழ்வை முடிவுக்குக் கொண்டுவருவதும் ஒன்று. பல ஆண்டுகளாக ஊதியம் பற்றிப் பேசியபோது வராத கேமராக்கள் அன்று வந்தன.

கெல்லி எல்லிஸ் வழக்கு 2022 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. 118 மில்லியன் டாலர். கலிஃபோர்னியாவில் 236 பணிப் பெயர்களில் வேலை பார்த்த சுமார் 15,500 பெண்களுக்கு. கூகுள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அம்மாவின் மகள் அல்லவா: தலைக்கு சுமார் 7,600 டாலர், வழக்கறிஞர் கட்டணம் கழிக்கும் முன்பு. 90 மில்லியன் ஒருவருக்கு. 118 மில்லியன் பதினைந்தாயிரத்து ஐந்நூறு பேருக்கு.

இந்தத் தொகை நம் பத்திரிகைகளில் எங்காவது உள்பக்கத்தில் வந்திருக்கலாம். ஆனால் 2023 ஏப்ரலில் சுந்தர் பிச்சையின் 2022ஆம் ஆண்டு ஊதியம் 226 மில்லியன் டாலர் என்று தெரிந்தபோது அது எல்லோர் கண்ணிலும் பட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த பையன் அல்லவா! ரூபாயில் எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் போட்டார்கள். அது நிறுவனத்தின் இடைநிலை ஊழியர் ஒருவரின் ஊதியத்தைப் போல 800 மடங்குக்கும் மேல் என்பதும், மூன்று மாதம் முன்புதான் 12,000 பேர் வேலைநீக்கம் அறிவிக்கப்பட்டது என்பதும் அதே செய்தியில் இருந்தன. எங்கள் தெருவில் அந்த 226 மில்லியனை மனப்பாடமாகச் சொன்னவர்கள் உண்டு. தன் வீட்டு மருமகளின் சம்பளத்துக்கும் அவள் பக்கத்து இருக்கைக்காரனின் சம்பளத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது.

தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு மென்பொருள் துறைக்கு வெளியே ஒரு பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். லில்லி லெட்பெட்டர், அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் மேற்பார்வையாளர். அங்கும் ஊதியம் பற்றிப் பேசக் கூடாது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, யாரோ ஒரு துண்டுச் சீட்டில் அவர் சம்பளத்தையும் அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். வழக்குப் போட்டார். 2007இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பாகுபாடு முடிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றைப் பற்றி! 2009 ஜனவரியில் அவர் பெயராலேயே சட்டம் திருத்தப்பட்டது. குறைவான சம்பளம் வரும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும். லெட்பெட்டருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.

அந்தத் துண்டுச் சீட்டை வைத்தது யார் என்று அடிக்கடி யோசிப்பேன். எனக்கு அதை யாரும் வைக்கவில்லை, மறந்துவிட்டுப் போன காகிதம்தான். ஆனால் கையில் கிடைத்தும் நான் கவிழ்த்து வைத்தேன்.

இந்தக் கட்டுரைக்காக, அந்தப் பழைய சக ஊழியரை இந்த ஆண்டு தொலைபேசியில் அழைத்தேன். இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். பிரிண்டர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீ அப்பவே கேட்டிருக்கலாமே, நான் சொல்லியிருப்பேனே" என்றார். சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றியது, நல்ல மனிதர். "உனக்கு எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது. உனக்குத்தான் அதிகமா இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் அவர் பழைய கோப்புகளைத் தேடி மூன்று ஆண்டுகளின் எண்களை அனுப்பினார். நான் என்னுடையதை அனுப்பினேன். சேர்ந்த ஆண்டில் இருவருக்கும் ஒரே தொகை. குழந்தை பிறந்த ஆண்டில் பிரிகிறது. நான் வேலையை விட்ட ஆண்டில் வித்தியாசம் ஆண்டுக்கு 1,84,000 ரூபாய். அவர் அதன் கீழே எதுவும் எழுதவில்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"போனஸ் தனியா இருக்கா, இதுக்குள்ளயேவா?" என்று கேட்டார்.